ராஜுலு அங்கிளோட அஞ்சு எம்எம்

ராஜுலு அங்கிள் ஊட்டு ஹால்ல ஆறு மாசமா ஃபேன் ஓடலீங்க. கரண்ட் இருக்குது, ஃபேனும் நல்லாத்தான் இருக்குது. ஆனா கீழ டைனிங் டேபிள் மேல காகிதத்துல ஒரு கப்பல் ரெடியாகிட்டு இருந்துச்சு. ஃபேன் போட்டா அதோட துண்டு துணுக்கெல்லாம் பறந்துரும். ஏப்ரல் மாசம், கோயமுத்தூர் வெயிலு, பங்காரம்மா ஆன்ட்டி ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைய விசிறியா வெச்சு வீசிட்டே, "ஏமண்டி, கப்பலு மெதக்கறதுக்கு முந்தி நான் வேர்வைல மெதந்துருவேன் போல"ம்பாங்க. அங்கிள் நிமிந்தே பாக்க மாட்டாரு. கையில பல்லு குத்தற குச்சி, அதோட மொனையில துளியூண்டு பசை.

நான் அவங்க மாடில குடியிருக்கேன். அங்கிளோட முழுப் பேரு சுந்தரராஜுலு, வயசு அம்பத்தாறு, கணபதி ஏரியாவுல சொந்தமா பேட்டர்ன் பட்டறை. பேட்டர்ன்னா என்னன்னு எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. இப்ப ஒரு பம்ப் வேணும்னு வெச்சுக்குங்க. மொதல்ல அதே மாதிரி மரத்துல ஒண்ணு செய்யணும். அத பவுண்டரில மண்ணுக்குள்ள அமுக்கி எடுத்தா ஒரு குழி விழும். அந்தக் குழில இரும்ப உருக்கி ஊத்துனா பம்ப் வந்துரும். அத மரத்துல செய்யறவரு தான் பேட்டர்ன் மேக்கர். பம்ப் ஏதாச்சும் தோட்டத்துக்குப் போயி முப்பது வருசம் தண்ணி எறைக்கும். மரம் பரண் மேல ஏறி தூசி புடிச்சுக் கெடக்கும். பம்ப் மேல கம்பெனி பேரு பொடைச்சுட்டு இருக்குமில்லீங்க, அந்த எழுத்தையும் அவருதான் ஒண்ணொண்ணா வெட்டி மரத்துல ஒட்டுவாரு. முப்பத்தோரு வருசமா ஊர்ல இருக்கற எல்லார் பேரையும் வெட்டியாச்சு. அவரு பேர மட்டும் ஒரு தடவகூட வெட்டுனதில்ல. இத ஞாபகம் வெச்சுக்குங்க, ஏன்னா மொத்தக் கதையும் இதுலதான் நிக்குது.

போன டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கெழம, நான் தண்ணி மோட்டார ஆஃப் பண்ண மறந்துட்டேன், டேங்க் நெறஞ்சு வாசல் வரைக்கும் தண்ணி ஊத்துது. திட்டறதுக்குன்னே அங்கிள் படியேறி வந்தாரு. வந்தவரு என் மேசை மேல நான் காகிதத்துல செஞ்சு வெச்சிருந்த டவுன் பஸ்ஸப் பாத்தாரு. மோட்டாரு மறந்தே போச்சு. குனிஞ்சு ஒரு கண்ண மூடிப் பாத்துட்டு, "இந்த மூலை தொண்ணூறு இல்லீங்க அம்மணி, எண்பத்தெட்டரை"ன்னாரு. அவரு போனப்பறம் அளந்து பாத்தேன். எண்பத்தெட்டரையேதான்!

அப்பத்தான் சொன்னேன், எங்களுக்கு ஒரு காகித மாடல் குழு இருக்குது, பதினாலு பேரு, ஜூன் மாசம் ஒரு சின்ன ஹால்ல கண்காட்சி வெக்கறோம்னு. அவரு கேட்ட ஒரே கேள்வி, "செஞ்சவங்க பேரு போடுவீங்களா?"

"ஒவ்வொரு மாடல் முன்னாடியும் ஒரு கார்டு வெப்போங்க அங்கிள். அதுல பேரு இருக்கும்."

"பேரு மட்டுமா, இனிஷியலோடவா?"

பிரிண்ட் எடுத்து வெட்டி ஒட்டற மாடலெல்லாம் இருக்கற பக்கத்தத் தொறந்து, லேப்டாப்ப அவரு பக்கம் திருப்பிக் குடுத்துட்டேன். கோட்டை, ஏரோப்ளேன், ரயில் எல்லாத்தையும் தள்ளிட்டே போனாரு. ஒரு எடத்துல கை நின்னுபோச்சு. பிரிட்டானியா. ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி மூணுல இங்கிலாந்து ராஜா குடும்பத்துக்குன்னு கட்டுன பந்தயப் பாய்மரப் படகு. (நாங்க எல்லாரும் கப்பல்னே சொல்லிப் பழகிட்டோம்.) அடிப்பாகம் கத்தி மாதிரி வளைஞ்சு ஒல்லியாப் போகும். அங்கிள் ஸ்கிரீன் மேல வெரல வெச்சு அந்த வளைவத் தடவறாரு.

"அம்மணி, இத மண்ணுல கமுத்தி அமுக்கிப் பாருங்க. எங்கயும் மாட்டாது. ஒரு மண்ணுகூட ஒடையாம வழுக்கிட்டு வெளிய வந்துரும். எவனோ பேட்டர்ன் தெரிஞ்சவன் தான் வரைஞ்சிருக்கான்."

உலகத்துல அந்தப் படக இந்தக் காரணத்துக்காக காதலிச்ச ஒரே ஆளு இவராத்தான் இருப்பாரு. ஆன்ட்டிகிட்ட போயி பேரச் சொன்னாரு. "பிஸ்கட்டா?"ன்னு கேட்டுட்டு அவங்க சமையலுக்குத் திரும்பிட்டாங்க.

அதோட கதையையும் நான் படிச்சுச் சொன்னேன். இருநூத்துச் சொச்சம் பந்தயம் ஜெயிச்ச படகு. கடைசியா அத வெச்சிருந்த ராஜா சாகறப்ப, எனக்கப்பறம் இது யாருக்கும் வேண்டாம்னு நெனைச்சாராம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறுல நடுக்கடலுக்கு இழுத்துட்டுப் போயி முக்கிப்போட்டாங்க. அங்கிள், "நல்லா இருக்கறத போயி முக்குவாங்களா? நம்மகிட்டக் குடுத்திருந்தா பரண்லயாச்சும் வெச்சிருப்போம்"னாரு.

இப்ப பஷீர் பாயச் சொல்லணும். கோட்டைமேட்டுல கல்யாணப் பத்திரிகை பிரிண்ட் போடற கடை. அங்கிளுக்கு முப்பது வருச சிநேகிதம். எந்தக் கார்டா இருந்தாலும் அடியில பொடி எழுத்துல பாய் கடைப் பேரு இருக்கும். அங்கிள் அதச் சொல்லியே ஓட்டுவாரு. "ஊர்ல எவன் கல்யாணம் பண்ணாலும் பாய் பேரு உள்ள வந்துருதுங்க. மாப்பிள்ளைக்கே அவ்வளவு விளம்பரம் இல்ல."

கப்பலோட ஒடம்புக்கு வேண்டிய பக்கத்தையெல்லாம் பாய்தான் பிரிண்ட் போட்டுக் குடுத்தாரு. நெசப் படகவிட எழுபத்திரண்டு மடங்கு சின்னது, நீளம் அம்பத்தோரு சென்டிமீட்டர் சொச்சம். ஆனா மேல்தளம் வெறும் படமா பிரிண்ட் ஆகி வந்தது அங்கிளுக்குப் புடிக்கல. "பலகை பலகையா கைக்குத் தெரியணுமுங்க"ன்னு சொல்லி, பாய்கிட்ட மிச்சம் கெடந்த க்ரீம் கலர் கல்யாணக் கார்டு அட்டைய வாங்கி, அளவு பாத்து அவரே வரைஞ்சு, ரெண்டு எம்எம் அகலத்துக்கு நறுக்கி நறுக்கி ஒட்டுனாரு. கம்பம், குறுக்குக் கட்டை, பாய்மரத்துல கட்டற காகிதச் சீலை, எல்லாமே அவரா வரைஞ்சு செஞ்சது. நாலு மாசம்! டைனிங் டேபிள் போச்சு, எல்லாரும் எங்கம்மா பவானில இருந்து குடுத்துவிட்ட ஜமுக்காளத்துல ஒக்காந்துதான் சாப்பாடு. ஒறம்பரை வந்தா ஆன்ட்டி வாசல்லயே நின்னு, "உள்ள வாங்க, ஆனா தும்மாதீங்க"ன்னு சொல்லிக் கூட்டிட்டு வருவாங்க. ஜூன்ல பாலக்காட்டுக் காத்து ஆரம்பிச்சதும் சன்னலையும் சாத்தியாச்சு.

ஒடம்பு ஒரு பக்கம், தளம் ஒரு பக்கம். பேட்டர்ன் வேலையில ரெண்டு பாதியாச் செஞ்சு கடைசியில தான் சேப்பாங்களாம். அதே பழக்கத்துல இதையும் கடைசிக்கு வெச்சுட்டாரு.

கண்காட்சிக்கு ஒம்பது நாள் இருக்கறப்ப சேத்தாரு. நானும் ஆன்ட்டியும் பக்கத்துல நிக்கறோம். தளத்தத் தூக்கி ஒடம்பு மேல வெச்சாரு. முன்னாடி கரெக்டா ஒக்காந்துச்சு. பின்னாடி நாக்கத் துருத்துன மாதிரி நீட்டிட்டு நிக்குது. அஞ்சு எம்எம்.

அங்கிள் எடுத்து மறுக்கா வெச்சாரு. திருப்பி வெச்சாரு. கண்ணாடியத் தொடச்சுட்டு வெச்சாரு. அஞ்சு எம்எம் அப்படியே நிக்குது.

"பாய் பிரிண்டரு சுருக்கிப்போட்டுது"ன்னாரு. செருப்ப மாட்டிட்டுக் கெளம்பிட்டாரு. பயந்துட்டு நானும் வண்டில பின்னாலயே போனேன்.

எங்க ஊர்ல சண்டையப் பாக்கணுமுங்க. கோவம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"பாய், உங்க மிஷின் கப்பலச் சுருக்கிப்போட்டுதுங்க."

"எத்தனைங்க சுருக்குச்சு?"

"அஞ்சு எம்எம்முங்க."

"நாயுடு, போன வாரம் இதே மிஷின்ல ரெண்டாயிரம் கார்டு ஓட்டியிருக்கனுங்க. ஒரு கார்டாச்சும் கவருக்குள்ள போகாம நின்னுச்சுங்களா?"

"கவருக்குள்ள போறதும் கப்பலும் ஒண்ணுங்களா? மில்லிமீட்டர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாமத்தான் உங்க கல்யாணத்துக்கே கார்டு அடிச்சனுங்களா?"

இதோட நின்னிருந்தா சிரிச்சுட்டு டீ குடிச்சிருப்பாங்க. அங்கிளுக்கு வாய் நிக்கல. "கார்டப் பத்தி நீங்க பேசாதீங்க. அந்தக் காரமடை கல்யாணத்துக்கு, காலைல ஆறு மணி முகூர்த்தத்த சாயங்காலம் ஆறுன்னு போட்டது யாருங்க? பாதி சனம் தாலி கட்டி பன்னெண்டு மணி நேரங்கழிச்சு வந்து நின்னாங்களே, அதுவும் கப்பலு தப்புங்களா?"

அது பாய் வாழ்க்கையில நடந்த ஒரே தப்பு. எட்டு வருசம் ஆச்சாம். யாரும் அவரு முன்னாடி பேச மாட்டாங்களாம். அதுக்கப்பறம் தான் புரூஃப்ல கையெழுத்து வாங்காம அவரு ஒரு கார்டுகூட அடிக்கறதில்ல.

பாய் மேசை மேல இருந்த ஸ்டீல் ஸ்கேல எடுத்தாரு. அங்கிள் சட்டைப் பாக்கெட்டுல எந்நேரமும் பாதி வெளிய நீட்டிட்டு ஒரு ஸ்கேல் இருக்கும், அத பாயே உருவி பக்கத்துல வெச்சாரு. பூஜ்யமும் பூஜ்யமும் ஒண்ணா நிக்குது. பத்து சென்டிமீட்டர்ல ஒரு எம்எம் வெலகுச்சு. முப்பதுல மூணு எம்எம். அங்கிள் ஸ்கேல் ஓரத்துல தேஞ்சுபோன எழுத்து, 'சி.ஐ.'

காஸ்ட் அயர்ன்!

உருக்கி ஊத்துன இரும்பு ஆறுனா ஒரு பர்சென்ட் சுருங்குமாம். அதனால பேட்டர்ன் மேக்கருங்க ஸ்கேல்லயே ஒவ்வொரு கோடும் ஒரு பர்சென்ட் தள்ளி இருக்கும். அதுல அளந்து மரத்துல செஞ்சா, இரும்பு ஆறி சரியான அளவுக்கு வந்து நிக்கும். ஷ்ரிங்கேஜ் ஸ்கேல்னு பேரு. அங்கிள் பாக்கெட்டுல முப்பத்தோரு வருசமா இருந்தது அதுதான். தளம், கம்பம், சீலை, அவரா வரைஞ்ச அத்தனையும் அதுலதான் அளந்திருக்காரு. பாய் பிரிண்ட் போட்ட ஒடம்பு மட்டும் தான் கரெக்ட். காகிதம் எங்கீங்க ஆறும்?

பாய் ஸ்கேலத் திருப்பி அங்கிள் பாக்கெட்டுல சொருகிட்டு, ரொம்பப் பொறுமையாச் சொன்னாரு. "அடுப்புல ஏத்தி எறக்கிப் பாருங்க நாயுடு. ஆறுனா சுருங்கிரும்."

அங்கிள் மன்னிப்புகூடக் கேக்கல. படியிறங்கி வந்துட்டாரு.

ஊட்டுக்கு வந்து கப்பல் மேல ஒரு வேட்டியப் போத்திட்டு ஃபேன் சுவிட்சப் போட்டாரு. ஆறு மாசம் கழிச்சு ஃபேன் சுத்துது. ஆன்ட்டி அதுக்குக் கீழ ஒக்காந்திருக்காங்க, மூஞ்சில சந்தோசமே இல்ல.

"கண்காட்சில எம்பேர எடுத்துருங்க அம்மணி."

"அங்கிள், அஞ்சு எம்எம் தானுங்க, பின்னாடி வெட்டிரலாம்."

"தளத்த வெட்டுனா கம்பத்து ஓட்டை எடம் மாறிப்போவும். கம்பத்தக் கொறைச்சா சீலை தொங்கும். ஒண்ணத் தொட்டா எல்லாத்தையும் தொடணும். நாலு மாச வேலைய ஒம்பது நாள்ல திரும்பச் செய்ய முடியுமா?" கப்பல் மேல இருந்த வேட்டியோட சுருக்கத்த நீவிட்டே சொன்னாரு. "மொதத் தடவயா எம்பேர ஒண்ணு மேல ஒட்டப் போறாங்க. அளவு தப்புன்னு தெரிஞ்சே ஒட்டச் சொல்றீங்களா?"

நான் தான இவரக் கொண்டாந்து இதுல மாட்டிவிட்டேன்னு ஒரே வெசனம். மூணு நாள் அந்த வேட்டிய யாரும் எடுக்கல.

மூணாவது நாள் காலைல ஆன்ட்டி அடுக்களைல ஏதோ ஒரு போசிக்கு மூடி தேடிட்டு இருந்தாங்க. ஒரு மூடியும் பத்தல. டங்கு டங்குன்னு சத்தம். திடீர்னு மூடியோட ஹாலுக்கு வந்து நின்னாங்க.

"ஏமண்டி, மூடி பெருசா இருந்தா மூடிய வெட்டுவாங்களா? பெரிய போசி எடுக்க மாட்டாங்களா?"

அங்கிள் நிமிந்தாரு.

"தளமும் கம்பமும் எல்லாம் ஒரே அளவுக்குத்தான பெருசாயிருக்குது? அடிய மட்டும் அதே அளவுக்குப் பெருசாப் போட்டா என்னவாம்?"

நான் வாயப் பொளந்துட்டு நிக்கறேன். ஒடம்பு மட்டும் தான் பிரிண்ட். பிரிண்டர்ல நூறுங்கற எடத்துல நூத்தியொண்ணுன்னு போட்டா முடிஞ்சுது! என்ஜினியரிங் படிச்சவ நானு, எனக்குத் தோணல பாருங்க. ஒடம்பு ஒட்ட ஆறு நாள் போதும்.

"வேற கடையில போட்டுக்கலாங்களா அங்கிள்?"ன்னேன், மெதுவா.

"அந்தப் பேப்பர் பாய்கிட்டத்தான் இருக்குது"ன்னாரு. அது சும்மா. அந்தப் பேப்பர் டவுன்ஹால்ல எந்தக் கடையிலயும் கெடைக்கும். ஆன்ட்டி ஒரு டப்பால ஒப்புட்டு, அதாங்க போளி, வெச்சுக் குடுத்துவிட்டாங்க.

கடையில மூணு கல்யாணக் கோஷ்டி. பாய் அங்கிளப் பாத்தாரு, பாக்காத மாதிரி இருந்துட்டாரு. அங்கிள் மடில ஒப்புட்டு டப்பாவ வெச்சுட்டு ஒண்ணரை மணி நேரம் ஸ்டூல்ல ஒக்காந்திருந்தாரு, பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு நடுவுல. கடைசியா நம்பர் வந்துச்சு.

"சொல்லுங்க. பொண்ணு ஊடுங்களா, மாப்பிள்ள ஊடுங்களா?"

"கப்பலுங்க."

"எத்தன காப்பி?"

"ஒண்ணுங்க."

"நூறுக்குக் கம்மியா அடிக்கறதில்லீங்களே."

அங்கிள் டப்பாவ மேசை மேல வெச்சாரு. "பாய், அன்னிக்கு நான் காரமடைய இழுத்திருக்கக் கூடாதுங்க. உங்க ஒரு தப்ப எட்டு வருசமா மனசுல வெச்சிருந்திருக்கேன். என் தப்பு முப்பத்தோரு வருசமா பாக்கெட்டுல இருந்திருக்குது, எனக்கே தெரியல."

பாய் டப்பாவத் தொறந்து மோந்து பாத்தாரு. மூடுனாரு.

"எத்தன பர்சென்ட்டுங்க?"

"நூத்தியொண்ணு."

மொதல்ல ஒரு பக்கம் புரூஃப் அடிச்சாரு. தன்னோட ஸ்கேல நீட்டுனாரு. "அளந்து பாருங்க. இதுல. உங்களது உள்ளயே இருக்கட்டும்." அங்கிள் அளந்தாரு. "சரியா இருக்குதுங்களா? கீழ கையெழுத்து போடுங்க. அப்பறம் கப்பலு சுருங்கிருச்சுன்னு வந்தா கடை பொறுப்பில்ல." அங்கிள் நெசமாவே கையெழுத்து போட்டாருங்க, தேதியோட! அதுக்கப்பறம் தான் பாய் ஒப்புட்டுல கைய வெச்சாரு.

ஆறு நாள். ஃபேன் மறுபடியும் நின்னுச்சு. பாய் கடையப் பையன்ககிட்ட விட்டுட்டு மத்தியானமே வந்துருவாரு. நான் வெட்ட, பாய் மடிக்க, அங்கிள் ஒட்ட. ஆன்ட்டிகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல, அவங்களா வந்து ஒரு விலாப்பலகைய எடுத்து ஒட்டுனாங்க. அங்கிள் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "இது என்னுதவிட சுத்தமா இருக்குது"ன்னாரு. "பின்ன, முப்பது வருசமா பூரணம் வெளிய வராம ஒப்புட்டு ஓரத்த ஒட்டறேன்"னாங்க. வெள்ளிக்கெழம தளத்தத் தூக்கி வெச்சோம். முன்னாடி ஒக்காந்துச்சு. பின்னாடியும் ஒக்காந்துச்சு. அங்கிள் நகத்த வெச்சுத் தடவிப் பாத்தாரு, எங்கயும் தட்டல. யாரும் கை தட்டல, எல்லாரு கையிலயும் பசை.

கண்காட்சியன்னிக்கு கார்டப் பாய் கொண்டாந்தாரு. அய்யோ, நீங்க பாத்திருக்கணும்! செவப்பு பார்டர், தங்க எழுத்து. 'திருநிறைச்செல்வி பிரிட்டானியா'. கீழ பெருசா, 'செய்தவர்: ரா. சுந்தரராஜுலு, பேட்டர்ன் மேக்கர், கணபதி'. ஆன்ட்டி நாலு மூலைலயும் மஞ்சளத் தொட்டு வெச்சுட்டாங்க. அங்கிள் கார்டோட அடிப்பக்கத்துல தேடறாரு. "பாய், உங்க கடைப் பேரக் காணமே?"

"இது ஒண்ணுலயாச்சும் உங்க பேரு மட்டும் இருக்கட்டுமுங்க."

அங்கிள் சும்மா கார்டத் திருப்புனாரு. பின்னாடி முழுப் பக்கத்துக்கு பாய் கடைப் பேரு, ரெண்டு போன் நம்பர், 'திருமணம், காதணி, சீமந்தம்'.

கார்டுல அளவு எழுத விட்டிருந்த எடத்துல 1:71.3ன்னு இருக்கணும்னு அங்கிள் ஒரே புடியா நின்னாரு. ஒரு பர்சென்ட் பெருசாயிட்டா எழுபத்திரண்டு இல்லையே. "எழுபத்திரண்டுன்னே போடுங்க அங்கிள், யாரு பாக்கப் போறா?"ன்னு எங்க குழுவுல ஒருத்தி கேட்டா. "பாத்துருவாங்க"ன்னாரு.

காலைல வந்த சின்னக் கொழந்தைகெல்லாம் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "தாத்தா, தண்ணில விட்டா ஓடுமா?" அங்கிள், "ஊறும்"னாரு. மொதல் பரிசு மேட்டுப்பாளையம் மலை ரயிலுக்குப் போச்சு. நெசமாவே நல்லா இருந்துச்சு, கோவப்பட முடியல. அங்கிள் கார்டப் பாத்துட்டே ஓரமா ஒக்காந்திருந்தாரு.

நாலு மணி வாக்குல குடும்பத்தோட ஒருத்தரு வந்தாரு. அப்பறமாத்தான் தெரிஞ்சுது, தமிழ்ச்செல்வன்னு பேரு, ஒரு பவுண்டரில சூப்பர்வைசராம். கப்பலப் பாத்துட்டு நகந்தவரு, கார்டப் படிச்சுட்டு திரும்பி வந்தாரு. 71.3. முகத்தச் சுளிச்சாரு. போன எடுத்து கால்குலேட்டர்ல என்னமோ தட்டுனாரு. ஒண்ணு பாயிண்ட் ஜீரோ ஒண்ணால பெருக்கிப் பாத்திருக்காரு. எழுபத்திரண்டு பாயிண்ட் ஜீரோ ஒண்ணு மூணு.

"ஏனுங்க," அங்கிளப் பாத்து கேட்டாரு, "சி.ஐ. ஸ்கேல்ல அளந்துபோட்டீங்களா?"

அங்கிள் பாக்கெட்டுல இருந்து மெதுவா அத உருவிக் காட்டுனாரு.

தமிழ்ச்செல்வன் சிரிச்ச சிரிப்புல மலை ரயிலே ஆடுச்சு. "நான் எங்கூட்டுப் பூஜை அலமாரிய இப்படித்தானுங்க அளந்துபோட்டேன்! இன்னைக்கும் கதவு சாத்தாது!" போனப் போட்டு ஹால்ல எங்கயோ இருந்த கூட்டாளிகளக் கூப்பிட்டாரு. அஞ்சு நிமிசத்துல மேசையச் சுத்தி பவுண்டரிக்காரங்க எட்டு பேரு. ஒருத்தரு ஒரு ஆசாரியோட மருமகன், ஒருத்தரு லேத் ஓட்டறவரு. யாரும் ராஜாவப் பத்திக் கேக்கல, பந்தயத்தப் பத்தியும் கேக்கல. குனிஞ்சு அடிப்பாகத்தப் பாத்துட்டு, "மண்ணுல இருந்து அப்படியே கழண்டுருமுங்க"ங்கறாங்க! அங்கிள் எம்பக்கம் திரும்பி ஒரு பார்வ பாத்தாரு பாருங்க. அன்னிக்கு அவரு வாங்குன பரிசு அதுதான்.

தமிழ்ச்செல்வன் கெளம்பறப்ப கார்ட போட்டோ எடுத்துட்டு பேரச் சத்தமாப் படிச்சாரு. "ரா. சுந்தரராஜுலு." அவரு சம்சாரத்துகிட்ட, "நம்ம தொழில்காரரு"ன்னாரு. அங்கிள் ஒரு கையில கார்டோட மூலையப் புடிச்சுட்டு நின்னாரு. வெரல்ல மஞ்ச ஒட்டியிருந்துச்சு.

சாயங்காலம் கப்பல ஊட்டுக்குக் கொண்டாந்து டேபிள் மேல வெச்சதும், ஆன்ட்டி மொதல் வேலையா சன்னலத் தொறந்தாங்க, ரெண்டாவது ஃபேன் சுவிட்ச். பாலக்காட்டுக் காத்து ஒரு பக்கம், ஃபேன் காத்து ஒரு பக்கம், காகிதச் சீலை பொம்முன்னு உப்புச்சு. கப்பலு ஸ்டாண்டோட மேசை மேல நகருது. துளி. ஒரு அஞ்சு எம்எம் இருக்கும்.

ஆன்ட்டி ரெகுலேட்டர நாலுல வெச்சாங்க.

"பங்காரு! ரெண்டு போதும், ரெண்டு!"ன்னு அங்கிள் கத்தறாரு.

"ஆறு மாசம் வேர்த்தது நானு. எவ்வளவு வேகத்துல ஓடணும்னு நான் தான் சொல்லுவேன்"ன்னு சொல்லிட்டு ஆன்ட்டி அஞ்சுல திருப்புனாங்க.